பழைய வேனில் புதிய பாட்டுப்பெட்டி: அளந்த பிறகே இணையுங்கள்



பழைய வாகனங்களைப் பேணுவது குறித்த இந்த அரங்கில் எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, பழைய கேம்பர் வேனில் புதிய ஸ்டீரியோவைப் பொருத்துவது எப்படி என்பதாகும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாலு ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் பாட்டு வந்துவிடும், இதற்கு ஓர் உரை தேவையா என்று சிலர் எண்ணக்கூடும். பாட்டு வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாலு ஒயரில் ஒன்று தவறினாலும் பாட்டோடு புகையும் வரலாம். குடும்பத்தோடு படுத்து உறங்குவதற்கென்றே அமைந்த வண்டி அது. எனவே இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பேச்சு பல திசையில் போய்விடாமல் இருக்க ஒரே வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அதுதான் நம் சாலைகளில் இன்றும் சிலர் ஆசையோடு ஓட்டி வரும் வோக்ஸ்வேகன் கொம்பி. 1950ஆம் ஆண்டு ஜெர்மனியில் தயாராகத் தொடங்கிய வண்டி இது. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த முதல் தலைமுறை 1967 வரை ஜெர்மனியில் தயாரானது. அகன்ற ஒரே கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை அங்கே 1979 வரை தயாரானது. அதன் பிரேசில் வடிவம் 2013ஆம் ஆண்டு டிசம்பர் வரை அந்நாட்டில் தொடர்ந்தது. நான் சொல்லும் அடிப்படை விதிகள் மற்ற பழைய வேன்களுக்கும் பொருந்தும்.

கொம்பியில் ஒரு தனித்தன்மை உண்டு. வானொலி முன்னால் இருக்கிறது. இஞ்சினும் பேட்டரியும் பின்னால் இருக்கின்றன. பெட்ரோல் தொட்டியும் இஞ்சின் அறையை ஒட்டியே இருக்கிறது. வண்டியின் நீளம் ஏறக்குறைய நாலரை மீட்டர். ஒயர் வளைந்து நெளிந்து போகும்போது ஆறு மீட்டர் ஆகிவிடும். இந்த ஆறு மீட்டர் ஒயரும் அதன் பக்கத்தில் இருக்கும் பெட்ரோலும்தான் என் உரையின் மையம்.

ஆறா, பன்னிரண்டா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வண்டி எத்தனை வோல்ட் என்பது. தொடக்க காலக் கொம்பிகள் 6 வோல்ட்டில் ஓடியவை. ஏறக்குறைய 1966, 1967ஆம் ஆண்டுகளில்தான் 12 வோல்ட்டுக்கு மாறின. ஆனால் பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ கைகள் அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டியிருக்கும். பழைய மாதிரிப் பேட்டரியாக இருந்தால் அதன் மேலுள்ள மூடிகளை எண்ணிப் பாருங்கள். மூன்று மூடி என்றால் 6 வோல்ட், ஆறு மூடி என்றால் 12 வோல்ட். ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தருகிறது என்பதே இந்தக் கணக்கு. மூடியில்லாத பேட்டரி என்றால் மல்டிமீட்டர் வைத்து அளந்து விடுங்கள்.

இன்றைய கார் ஸ்டீரியோக்கள் 12 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டவை. 6 வோல்ட் வண்டியில் அவற்றை நேரடியாக இணைத்தால் வேலை செய்யாது. ஒன்று, வண்டியையே 12 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் 6 வோல்ட்டை 12 ஆக உயர்த்தித் தரும் கருவியை இடையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் ஸ்டீரியோ இழுக்கும் மின்னோட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பேட்டரியிலிருந்து போகும் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொம்பியில் பேட்டரியின் எதிர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். ஆனால் 1960களின் இறுதிவரை வந்த பிரிட்டிஷ் வாகனங்கள் பலவற்றில் நேர்முனை உடலோடு இணைந்திருந்தது. அத்தகைய வண்டியில் இன்றைய ஸ்டீரியோவை வழக்கம்போல் இணைத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

நிறத்தை நம்பாதீர்கள்

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கடையில் வாங்கும் புதிய ஸ்டீரியோவின் பின்னால் வண்ண வண்ண ஒயர்கள் இருக்கும். பொதுவாக மஞ்சள் ஒயருக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும். நிலையங்களையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பதற்கு அது. சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் வந்தால் போதும். கறுப்பு எர்த்.

ஜெர்மானிய வண்டியின் மரபு வேறு. அங்கே பழுப்பு நிறம்தான் எர்த். சிவப்பு பெரும்பாலும் பேட்டரியிலிருந்து நேரே வருவது. அதாவது எப்போதும் மின்சாரம் உள்ளது. கறுப்பு பெரும்பாலும் சாவியைத் திருப்பியதும் மின்சாரம் பெறுவது. இப்போது யோசித்துப் பாருங்கள். கறுப்பைக் கறுப்போடும் சிவப்பைச் சிவப்போடும் சேர்த்தால் என்ன ஆகும்? ஸ்டீரியோவின் எர்த் ஒயர் 12 வோல்ட்டோடு போய்ச் சேரும். சாவியைத் திருப்பிய மறுநொடி, பியூஸ் போகலாம். அல்லது பெட்டியே போகலாம். ஒரே நிறம் இரண்டு மொழியில் இரண்டு பொருள் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைவிட நம்பத்தகுந்தவை ஜெர்மானிய வண்டிகளின் மின்முனைகளில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்கள். 30 என்றால் பேட்டரியின் நேரடி மின்சாரம். 15 என்றால் சாவியைத் திருப்பியபின் வருவது. 31 என்றால் எர்த். ஆனால் இந்த எண்களும் தொழிற்சாலையில் போட்ட ஒயருக்குத்தான் பொருந்தும். இடையில் யாரோ ஒருவர் கையில் கிடைத்த ஒயரை ஒட்டுப் போட்டிருந்தால் எண்ணும் பொய், நிறமும் பொய். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுரண்டிய இரும்பில் வைத்து, மறுமுனையால் ஒவ்வோர் ஒயரையும் தொட்டு, சாவி மூடியிருக்கும்போது எத்தனை வோல்ட், திறந்திருக்கும்போது எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

பின்னாளில் வந்த வோக்ஸ்வேகன் வேன்களை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அவற்றில் ஸ்டீரியோவுக்கான நீள்சதுர இணைப்பான் தயாராகவே இருக்கும். அப்படியே செருகினால் பாட்டும் வரும். ஆனால் வண்டியை நிறுத்தி மீண்டும் ஓட்டும்போதெல்லாம் நிலையங்கள் மறந்து போயிருந்தால், அந்த இணைப்பானின் 4ஆம் முனையும் 7ஆம் முனையும் இடம் மாறியிருக்கின்றன என்று பொருள். பெட்டியில் கோளாறு இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும்.

பியூஸ் எதைக் காக்கிறது?

ஸ்டீரியோவின் முதுகிலேயே 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று இருக்கும். அதுதான் இருக்கிறதே, வேறு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அன்பர்களே, பியூஸ் தனக்குப் பின்னால் வரும் பகுதியைத்தான் காக்கும். தனக்கு முன்னால் உள்ளதைக் காக்காது. ஸ்டீரியோவின் முதுகில் உள்ள பியூஸ் ஸ்டீரியோவைக் காக்கிறது. பேட்டரியிலிருந்து அதுவரை வரும் ஆறு மீட்டர் ஒயரைக் காப்பது யார்?

அந்த ஒயர் தரைக்கடியில் ஏதோ ஓர் இரும்பு விளிம்பில் உரசி, மேலுறை கிழிந்து, உடலைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஆறு மீட்டருக்கு ஏறக்குறைய 0.04 ஓம் தடைதான் தரும். 12 வோல்ட்டை அதனால் வகுத்தால் ஏட்டுக் கணக்கில் 300 ஆம்பியர் வரும். பேட்டரியின் உள்தடையும் மற்ற இணைப்புகளும் அதைக் குறைத்தாலும் 100 ஆம்பியருக்கு மேல் ஓட வாய்ப்புண்டு. இருபது, இருபத்தைந்து ஆம்பியர் தாங்கும் ஒயரில் அவ்வளவு ஓடினால் அது அடுப்புக் கம்பிபோல் சிவக்கும். அந்த ஒயரின் தொடக்கம் எங்கே இருக்கிறது? பெட்ரோல் தொட்டியின் பக்கத்தில். ஸ்டீரியோ பியூஸ் அப்போதும் கொஞ்சமும் உருகாமல், புதிதாகவே இருக்கும்.

ஆகவே விதி இதுதான். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுக்கிறீர்களா? பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றை வையுங்கள். அதன் பிறகே ஒயர் புறப்பட வேண்டும். இந்தச் சின்னப் பொருளுக்கு ஆகும் செலவு ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

மெல்லிய ஒயரால் வேறொரு நட்டமும் உண்டு. 10 ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஆறு மீட்டருக்குள் ஒரு வோல்ட் தொலைந்து போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அது 0.4 வோல்ட்டாகக் குறையும். சத்தத்தைக் கூட்டும்போது பாட்டு கரகரப்பதற்கும், பெட்டி தானாக அணைந்து எரிவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

இரும்புத் தகட்டைத் துளைத்து ஒயர் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் கட்டாயம் போடுங்கள். கொம்பியின் அடியில் வெப்பக் காற்றுக் குழாய் ஓடுகிறது. ஒயரை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பழைய பியூஸ் பெட்டியையும் பார்த்துவிடுங்கள். அதில் இருப்பவை பீங்கான் பியூஸ்கள். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16 ஆம்பியர். நம் நாட்டு ஈரக் காற்றில் அவற்றின் முனைகளில் பச்சை பிடித்துவிடும். பச்சை பிடித்த முனை சூடாகும். நன்றாகச் சுரண்டித் துடைத்த பிறகே அங்கிருந்து மின்சாரம் எடுங்கள்.

ஒலிபெருக்கியும் வேனின் உடலும்

அந்தக் காலத்து வானொலிக்கு ஒரே ஒலிபெருக்கி. அதற்கு ஒரு ஒயர் வானொலியிலிருந்து வரும். இன்னொரு முனையை வண்டியின் உடலிலேயே பொருத்திவிடுவது பரவலான வழக்கம். அன்றைக்கு அது சரியான முறை. இன்றைய ஸ்டீரியோவில் அதுவே பெருந்தவறு.

காரணத்தைச் சொல்கிறேன். இன்றைய பெட்டிகளில் ஒலிபெருக்கிக்குப் போகும் இரண்டு ஒயர்களுமே உயிருள்ளவை. எதிர்முனை என்று குறிக்கப்பட்ட ஒயரிலும் உடலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 6 வோல்ட் நிற்கும். அதை உடலோடு இணைத்தால் ஆம்பிளிபையர் பகுதி ஷார்ட் ஆகிறது. நல்ல பெட்டி என்றால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மலிவான பெட்டி எரிந்து போகும். எனவே ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் புதிதாக இரண்டு ஒயர் இழுங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது என்பது கடைப் பெட்டிகளின் பொது வழக்கம். ஒவ்வொரு நிறத்திலும் கறுப்புக் கோடு போட்டது எதிர்முனை.

டேஷ்போர்டில் உள்ள பழைய ஒற்றை ஒலிபெருக்கியின் இடத்தையே பயன்படுத்த விரும்புவோர், இடது வலது ஒயர்களை ஒன்றாக முறுக்கிச் சேர்த்துவிடக் கூடாது. ஒரே ஒலிபெருக்கியில் இரண்டு தனித்தனிச் சுருள்கள் உள்ள வகை கிடைக்கிறது. ஒன்றுக்கு இடது, மற்றொன்றுக்கு வலது என்று இணைத்தால் வேலை முடிந்தது.

பெட்டியின் மேல் 50 வாட் பெருக்கல் 4 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடியது ஒலிபெருக்கிக்கு ஏறக்குறைய 15 முதல் 22 வாட் வரைதான். வேனுக்குள் பாட்டுக் கேட்க அதுவே போதும்.

இரவு முழுக்கப் பாட்டு, காலையில் ஸ்டார்ட்

முகாம் போடும்போது இஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கேட்பார்கள். இங்கேதான் கொம்பி உரிமையாளர்கள் கவனமாக இருக்க வேண்டும். பழைய கொம்பியின் சாவித் துளையில் வானொலிக்கென்று தனி நிலை இல்லாமல் இருக்கலாம். சாவியைத் திருப்பினால் இக்னிஷன் காயிலுக்கும் மின்சாரம் போய்விடும். இஞ்சின் ஓடாத நிலையில் பாயின்ட் மூடியபடி நின்றுவிட்டால் காயில் தொடர்ந்து சூடாகிக்கொண்டே இருக்கும். நாளடைவில் காயிலும் பாயின்டும் கெடும். எனவே பாட்டுக் கேட்பதற்காகச் சாவியைத் திருப்பி வைக்காதீர்கள்.

சரியான வழி இரண்டாவது பேட்டரிதான். அதிலிருந்து, அதன் அருகிலும் பியூஸ் வைத்து, மஞ்சள் ஒயருக்கு நேரடியாகவும் சிவப்பு ஒயருக்குத் தனி சுவிட்ச் வழியாகவும் மின்சாரம் கொடுங்கள். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் மின்னழுத்தம் அறிந்து இயங்கும் ரிலே ஒன்றை வைத்து, அந்த இணைப்பு ஒயரின் இரு முனைகளிலும் பியூஸ் போடுங்கள். இஞ்சின் ஓடி மின்னழுத்தம் ஏறக்குறைய 13.3 வோல்ட்டுக்கு வரும்போது அது இரண்டையும் சேர்க்கும், 12.8 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். அப்போது விடிய விடியப் பாட்டுக் கேட்டாலும் வண்டியின் பேட்டரி தொடப்படாமல் இருக்கும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். பெட்டி 2 ஆம்பியர் இழுக்கிறது என்றால் பத்து மணி நேரத்துக்கு 20 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி கொண்ட ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது. ஆக ஓர் இரவைத் தாராளமாகத் தாண்டலாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் நினைவு ஒயரும் மெல்ல மெல்லக் குடிக்கும். 5 மில்லிஆம்பியர் என்றாலும் ஒரு மாதத்தில் 3.6 ஆம்பியர் மணி போய்விடும்.

டேஷ்போர்டை வெட்டலாமா?

இன்றைய வழக்கமான ஸ்டீரியோவுக்கு 182 மில்லிமீட்டர் நீளமும் 53 மில்லிமீட்டர் உயரமும் உள்ள துளை வேண்டும். கொம்பியின் பழைய வானொலிக்கு இரண்டு பக்கமும் குமிழ், நடுவில் சிறு முகம் என்ற அமைப்பு. புதியது அதில் நுழையாது. உடனே பட்டறையில் இரும்பு அறுக்கும் இயந்திரத்தை எடுத்துவிடுகிறார்கள். அன்பர்களே, ஒயரை மாற்றினால் மறுபடி பழையபடி ஆக்கலாம். வெட்டிய டேஷ்போர்டை ஒட்ட முடியாது. வண்டியின் மதிப்பில் ஒரு பகுதி அந்த வெட்டோடு போய்விடும்.

வேறு வழிகள் இருக்கின்றன. புதிய பெட்டியை இருக்கைக்கு அடியிலோ பின்புற மர அலமாரியிலோ மறைத்து வைக்கலாம். பழைய இரு குமிழ் உருவத்திலேயே புளூடூத் வசதியோடு புதிய வானொலிகள் விற்பனைக்கு வருகின்றன. முகமே இல்லாத சிறு புளூடூத் ஆம்பிளிபையரை வைத்துக் கைப்பேசியிலிருந்தே பாட்டை அனுப்பவும் செய்யலாம். இரும்புப் பெட்டிக்குள் மட்டும் அதை அடைத்துவிடாதீர்கள். அலை வெளியே வராது.

பழைய உதிரிப்பாகம் விற்கும் ‘போத்தோங்’ கடைகளில் ஜப்பானியப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள். ஜப்பானில் பண்பலை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது; 2014க்குப் பிறகு 95 வரை விரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் பண்பலை ஒலிப்பது 96.3இல். சிங்கப்பூரில் ஒலி 96.8. அலைவரிசையை மாற்றிக் கொடுக்கும் கருவி இல்லாமல் அந்தப் பெட்டியில் நம் தமிழ்ச் செய்தியும் பாட்டும் கேட்காது.

முதன்முதலாகச் சுவிட்ச் போடும்போது

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்து மீண்டும் மாட்டும்போது எர்த் முனையைக் கடைசியாக மாட்டுங்கள். ஒயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம் வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். அழுத்தி இறுக்கும் இணைப்பிகளையோ ஈயப் பற்றையோ பயன்படுத்திச் சுருங்கு குழாய் போடுங்கள். எர்த் ஒயரை வண்ணப்பூச்சின் மேல் திருகாமல், இரும்பு தெரியச் சுரண்டிய இடத்தில் திருகுங்கள்.

கடைசியாக ஓர் எளிய உத்தி. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, சிக்னல் விளக்கில் பயன்படும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றைப் பேட்டரி பியூஸுக்குப் பதிலாக நடுவில் இணையுங்கள். அந்த வழியாக இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது. பல்பு பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே நிறுத்தித் தேடுங்கள். பல்பு மங்கலாகவோ எரியாமலோ இருந்து பெட்டி விழித்துக்கொண்டால், பல்பை எடுத்துவிட்டுப் பியூஸைப் போடலாம். இரண்டு வெள்ளி பல்பு பல நூறு வெள்ளிப் பெட்டியைக் காப்பாற்றும்.

பட்டறையில் கொடுத்துச் செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இஞ்சின் கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து புறப்படும் புதிய ஒயரில், ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால், பாட்டு எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் அந்த வேலை இன்னும் முடியவில்லை. அதை வைத்த பிறகு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படுங்கள்.